தண்ணீருக்கு எழுதிய எண்

கிள்ளானில் எங்கள் வீட்டு போர்ச்சில் குழாய் வெடித்தபோது அப்பா உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மதியம், மூன்று மணி இருக்கும். நான் எதிரே உட்கார்ந்து பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். காதில் ஓர் அறை விழுந்ததுபோல இருந்தது. அதன்பின் நீண்ட சீறல். அது அடங்கிய பிறகுதான் தெருவில் நாய்கள் குரைப்பது கேட்டது. அடுத்த வீட்டுச் சீன அங்கிள் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தார். யாரோ பட்டாசு வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாராம்.

போய்ப் பார்த்தோம். சுவரோரம் ஓடிய சாம்பல் நிற பிவிசி குழாயில் ஒரு முழ நீளத்தைக் காணவில்லை. அது கண்ணாடிச் சில்லு மாதிரி தரையெங்கும் கிடந்தது. ஒரு சில்லு கோயில் நாள்காட்டியைக் கிழித்திருந்தது. இன்னொன்று சாவிகள் மாட்டும் பலகையில் குத்தி நின்றது. அந்தப் பலகைக்கு முன்னால்தான் அப்பாவின் ஸ்டூல். பத்து நிமிஷத்துக்கு முன்புவரை அவர் அதில் உட்கார்ந்து ஒரு மோட்டாரின் கார்புரேட்டரை ஊதிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

அவர் முதலில் சொன்னது இதுதான். “இது ஈ கிளாஸு பைப்பு, பாப்பா. பதினஞ்சு பாரு தாங்கும். நம்ம கம்ப்ரசர் எட்டு பாருதான்.”

என்னிடம் சொன்னதுபோல இல்லை. குழாயிடம் முறையிட்டதுபோல இருந்தது.

அப்பா துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு லோரிப் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் போர்ச்சில் தகரக் கூரையை நீட்டி, பழைய கம்ப்ரசர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார். 100 லிட்டர் தொட்டி. தாமானில் உள்ளவர்களின் மோட்டாருக்கு டயர் அடிப்பது, கார்புரேட்டர் கழுவுவது, எப்போதாவது ஒரு கேட்டுக்குச் சாயம் அடிப்பது. காசு வாங்குவது பாதி நாள், வாங்காதது பாதி நாள். தொட்டியிலிருந்து மேசைவரை காற்று வர ஒரு குழாய் வேண்டும். ஹார்ட்வேர் கடையில் தண்ணீர்க் குழாய் மலிவு. அறுப்பது சுலபம், பசை தடவினால் ஒட்டிக்கொள்ளும். எட்டு வருஷத்துக்கு முன்பு அதை மாட்டியபோது எல்போவுக்குப் பசை தடவிக் கொடுத்தது நான். அதனால் இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு.

அன்றிரவு பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் அறைக்குத் திரும்பவில்லை. கூட்டித் தள்ளிய சில்லுகளில் ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டு, 15 என்ற எண் எப்படிப் பொய்யானது என்று படிக்க ஆரம்பித்தேன். அது பொய்யாகவில்லை. அது தண்ணீருக்கு எழுதிய எண். அதுவும் 20 பாகை வெப்பத்தில் உள்ள தண்ணீருக்கு.

தண்ணீரை அழுத்தினால் அது அநேகமாகச் சுருங்குவதே இல்லை. எட்டு பார் அழுத்தத்தில் தண்ணீர் நிற்கும் குழாய் விரிசல் விட்டால், கொஞ்சம் தண்ணீர் வெளியேறியதுமே அழுத்தம் விழுந்துவிடும். பீய்ச்சும், ஒழுகும், தரை நனையும், நாம் திட்டிக்கொண்டே ஈரத்தைத் துடைப்போம். காற்று அப்படியில்லை, சுருங்கும். மீட்டர் எட்டு பார் காட்டும்போது ஒன்பது மடங்கு காற்று ஒரு மடங்கு இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. ராபர்ட் பாயில் 1662இல் எழுதிவைத்த விதிதான், ஐந்தாம் படிவத்தில் நானே மனப்பாடம் செய்தது. குழாயில் ஒரு கீறல் விழுந்தால் அந்த ஒன்பது மடங்கும் விரியப் பார்க்கும். விரியும் வேகத்தில் குழாயின் துண்டுகளையும் தள்ளிக்கொண்டு போகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் தொட்டி நிறைந்திருக்கும்போது அதில் அடங்கியிருக்கும் ஆற்றல், ஒரு டன் எடையுள்ள காடி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதனிடம் இருக்கும் ஆற்றலுக்கு ஏறக்குறைய சமம். ஒரு மைவி காடி ஏறக்குறைய ஒரு டன்தான். போர்ச்சில் அது நின்றிருந்தால் நாங்கள் ஒதுங்கி நடந்திருப்போம்.

வெப்பம் அடுத்த கணக்கு. பிவிசி சூட்டில் பலம் இழக்கும். 43 பாகையில் அதன் தாங்குதிறன் பாதியாகிவிடுகிறது. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று ஏற்கனவே சூடானது. மேலே தகரக் கூரை, மதியம் மூன்று மணி, கிள்ளான் வெயில். பதினைந்தில் பாதி ஏழரை. மீட்டரில் எட்டு. இதற்கு மேல் எட்டு வருஷத்து வெயிலும், ஸ்பேனர் தவறி விழுந்த அடிகளும் இருந்தன. இரும்புக் குழாய் வலுவிழந்தால் பெரும்பாலும் சின்னதாகக் கசியும், சீறும், ஆளைக் கூப்பிடும். பிவிசி முன்கூட்டி எதையும் சொல்லாது. ஒரு நாள் ஒரேயடியாக உடைந்து சிதறும்.

இதை நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்றில்லை. 1988 மே மாதத்திலேயே அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. டெக்ஸாஸில் ஓர் ஆலையில் பிவிசி காற்றுக் குழாய் வெடித்து, சில்லுகள் ஒரு தொழிலாளியின் கையைக் கிழித்த பிறகு எழுதியது. தரைக்கு மேலே செல்லும் காற்றுக் குழாய்க்கு பிவிசி வேண்டாம் என்பதுதான் சாரம். நான் பிறப்பதற்கு முன்பே யாரோ ஒருவரின் கை கிழிந்து கற்ற பாடம், எங்கள் போர்ச்சுக்கு வந்துசேரவில்லை.

காலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

“முப்பது வருஷமா காத்தோட வேலை செஞ்சவன் நான்.”

“பட்டறையில என்ன பைப்பு போட்டிருந்தாங்கப்பா?”

“இரும்பு.”

“ஏன் இரும்பு?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “தவுக்கேகிட்ட காசு இருந்துச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே வயிற்றை என்னவோ செய்தது. முப்பது வருஷம் தலைக்கு மேலே ஓடிய இரும்புக் குழாய்க்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. அந்தக் காரணத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. லோரி எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். சத்தத்தை வைத்தே எந்த வால்வு என்று சொல்லுவார். கைக்கு வேலை வந்துசேர்ந்தது. காரணம் மட்டும் வழியிலேயே தங்கிவிட்டது.

ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் நேரானது. “மண்டோர்கிட்ட ஏன்னு கேட்டா வாய் காட்டறான்னு சொல்லுவாங்க.” சுவரில் சுவரொட்டிகள் இருந்தன. மலாயில், ஆங்கிலத்தில். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டவர் அப்பா. அவர் மலாய் பேசுவார். படிப்பது அவருக்குப் பழக்கமில்லை. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்திலும் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் இயந்திரங்களோடு வாழ்ந்திருக்கிறார்கள். வேலை நுணுக்கங்களை எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். ‘இதை ஏன் இப்படிச் செய்கிறோம்’ என்ற வாக்கியம் தமிழில் அவர் காதில் விழுந்ததே இல்லை.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இடது காது சரியாகக் கேட்காது. தொலைக்காட்சி பார்க்கும்போது வலப்பக்கம் திரும்பி உட்காருவார். அம்மா எப்போதும் அவருக்கு வலது பக்கம்தான் நடப்பார். பட்டறைச் சத்தத்தால் வந்தது என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். அன்று சில்லுகளை முறத்தில் அள்ளும்போது தானாகவே சொன்னார்.

“பதினேழு வயசு. குனிஞ்சு நட்டு முடுக்கிட்டிருந்தேன். மண்டோர் பின்னால வந்து காதுகிட்ட ஏர் கன்ன வச்சு ஒரு அடி அடிச்சாரு. வெளையாட்டுக்குத்தான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

“வலிச்சுதா?”

“ரெண்டு நாள் தண்ணி மாதிரி வடிஞ்சுச்சு.”

செவிப்பறைக்கு எட்டு பார் தேவையில்லை. அதில் சிறு பங்கே போதும். ஊதும் துப்பாக்கியின் முனையைத் தோலில் ஒட்டி அழுத்தினால், காயம் வழியாகக் காற்று தோலுக்கு அடியில் புகுந்துவிடலாம். ரத்தக் குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கண்ணில் பட்டால் காற்றைவிட அது ஏந்தி வரும் இரும்புத்தூள் மோசம். இவ்வளவும் தெரிந்துதான், உடலில் படும்படி ஊதாதே, சட்டைத் தூசியைக் காற்றால் தட்டாதே என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அமெரிக்க விதி, சுத்தம் செய்யப் பயன்படும் காற்று 30 பிஎஸ்ஐக்குக் குறைவாக, அதாவது இரண்டு பார் அளவில், இருக்க வேண்டும் என்கிறது. அதோடு தெறிப்பதற்குத் தடுப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் கேட்கிறது. அப்பா தினமும் வேலை முடித்துக் குளிக்கப் போகுமுன் சட்டையையும் தலையையும் ஏர் கன்னால்தான் ஊதிக்கொள்வார். எட்டு பாரில்.

நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். “நீங்க யாருக்காவது அப்படி அடிச்சிருக்கீங்களா?”

முறத்தைக் கீழே வைத்தார். “அடிச்சிருக்கேன். காதுல இல்ல. கழுத்துல. புதுசா வர்ற பங்களா பையன்களுக்கு.”

2015 ஆகஸ்ட் 3ஆம் தேதி, வங்கதேசத்தின் குல்னா நகரில் ஒரு மோட்டார் பட்டறையில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டான். முன்பு அங்கே வேலை செய்துவிட்டு வேறு பட்டறைக்குப் போனவன். டயருக்கு அடிக்கும் கம்ப்ரசர் குழாயை அவன் ஆசனவாயில் செருகிக் காற்றைத் திறந்துவிட்டார்கள். குடல் கிழிந்து இறந்தான். நாடே கொதித்தது. சில மாதங்களிலேயே வழக்கு முடிந்து இருவர் தண்டிக்கப்பட்டார்கள். அது விளையாட்டு அல்ல, கொலை. ஆனால் விளையாட்டென்று ஆரம்பித்து மருத்துவமனையிலோ பிணவறையிலோ முடிந்த இதே மாதிரிச் சம்பவங்கள் இந்தியச் செய்திகளிலும் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் குழாயைப் பிடித்திருப்பவன் மூத்தவன் அல்லது பலசாலி. எதிரே இருப்பவன் புதியவன், சின்னவன், வேற்றூர்க்காரன். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாததாலும், மூச்சில் விடுவதே அது என்பதாலும், காற்றை ஆயுதம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஸ்பேனரால் அடித்திருந்தால் யாராவது தடுத்திருப்பார்கள்.

குல்னாவைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று தேநீர் போடவும் எழுந்து வரவில்லை.

மறுநாள் கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரலுக்குத் திரும்பினேன். ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நிற்கும்போது அடியில் காற்று சீறும். வருஷக்கணக்காகக் கேட்கிற சத்தம். அன்றுதான் அதைக் கவனித்தேன். கே.எல். சென்ட்ரல் இருக்கும் இடமே பழைய ரயில்வே யார்டு. பிரிக்பீல்ட்ஸ் தமிழர்களில் எத்தனையோ குடும்பங்கள் ரயிலைச் சுற்றி வாழ்ந்தவை. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த முதல் வடிவத்தில் காற்று போய் பிரேக்கை அழுத்தும். குழாய் அறுந்தால் பிரேக் பிடிக்காது. சில வருஷங்களில் அதை அவரே தலைகீழாக்கினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் தளர்ந்திருக்கும். அழுத்தம் போனால், ஒவ்வொரு பெட்டியும் தன் தொட்டியில் சேர்த்துவைத்த காற்றைக் கொண்டு தானே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். பெட்டிகள் கழன்று போனாலும் நின்றுவிடும்.

அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. குழாய் அறுந்துபோகும் என்பதை அவர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டார். ‘என் குழாய் அறுந்து போகாது’ என்பது அப்பாவின் பெருமை. ‘அறுந்தால் யாருக்கு என்ன ஆகும்’ என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கேள்வியோடு போனேன். நான் வாய் திறக்கும் முன்பே அப்பா சுவரில் மிச்சமிருந்த பிவிசி குழாயையெல்லாம் கழற்றிக் கட்டி வைத்திருந்தார். இரும்புக் குழாய் போட விலை விசாரித்திருந்தார். எங்கள் போர்ச்சுக்கு நிரந்தரக் குழாயே தேவையில்லை என்று முடிவானது. பத்து மீட்டர் ரப்பர் ஓஸ், அதுவும் காற்றுக்கென்றே செய்தது, அழுத்த அளவு அச்சிட்டது, ஒன்று போதும். வேலை முடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம்.

பிறகு தொட்டியைப் பார்த்தோம். நம் ஊர்க் காற்று ஈரமானது. ஒரு கன மீட்டரில் இருபது கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். அதை எட்டு பாருக்கு அழுத்தி ஆறவிட்டால் பெரும்பகுதி தொட்டிக்குள்ளேயே தண்ணீராகிவிடும். அதனால்தான் தொட்டியின் அடியில் ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அதைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். அப்பா மாதத்துக்கு ஒருமுறை திறப்பார், சில மாதம் மறந்துவிடுவார். திருகு இறுகிப் போயிருந்தது. காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, எண்ணெய் விட்டுத் திருப்பினோம். ஒரு மைலோ குவளை நிறையத் தண்ணீர் வந்தது. தே ஓ நிறம். அடியில் துருப் பொடி.

“உள்ள அரிச்சிருக்கு,” என்றார் அப்பா. வெளியே பச்சைச் சாயம் பளபளவென்றிருந்தது.

பட்டறைகளில் இப்படிப்பட்ட தொட்டிக்கு அரசுத் துறையான ஜேகேகேபியின் தகுதிச் சான்றிதழ் வேண்டும், ஆய்வாளர் வந்து பார்ப்பார். 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் பார்த்துவந்த அந்தப் பொறுப்பு, 2024 ஜூன் 1 முதல் 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது. எங்கள் போர்ச்சுக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. நம் வீட்டில் நாமேதான் ஆய்வாளர். அப்பா அந்தத் தொட்டியை வைத்துக்கொள்ளவில்லை. ஒட்டுப் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அரித்த தொட்டியில் வெல்டிங் வைப்பது இன்னொரு வெடிகுண்டு செய்வது மாதிரி என்று அப்பாவே சொல்லிவிட்டார். இரும்புக்கடைக்குப் போடும் முன், காலித் தொட்டியில் டிரில்லால் மூன்று ஓட்டை போட்டார். “எவனாவது வாங்கி மறுபடியும் காத்து அடிச்சிடப் போறான்.”

புதியது 50 லிட்டர். அதன் சேஃப்டி வால்வில் ஒரு வளையம் இருக்கிறது. அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்து காற்றை வெளியேற்றும் வால்வு. 17ஆம் நூற்றாண்டில் டெனி பாப்பின் தன் சமையல் பாத்திரத்துக்குச் செய்த யோசனையின் பேரப்பிள்ளை. நம் வீட்டு பிரஷர் குக்கர் வெயிட்டுக்குச் சொந்தக்காரன். அந்த வளையத்தை அவ்வப்போது இழுத்துப் பார்த்தால்தான் வால்வு இறுகிப்போகாமல் இருக்கிறதா என்று தெரியும். தொட்டியை அடுத்து ரெகுலேட்டர். டயருக்கு அதன் பக்கவாட்டில் எழுதிய அளவை மீறாமல், ஊதிச் சுத்தம் செய்ய இரண்டு பாருக்குள். ஓஸைக் கழற்றுமுன் வால்வை மூடி, ஓஸுக்குள் மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அழுத்தத்தோடு கப்ளரைக் கழற்றினால் ஓஸ் பாம்பு மாதிரி சுழன்று அடிக்கும். நுனியில் இருக்கும் இரும்புதான் பல்லைப் பெயர்ப்பது. ஏர் கன்னைத் தொடும்போதெல்லாம் கண்ணாடி. கடைசியில், சுவிட்சை அணைத்துத் தொட்டியைக் காலியாக்கிவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும். எங்கள் கம்ப்ரசர் முன்பு வாரக்கணக்கில் நிறைந்தபடியே நின்றிருக்கிறது.

இதில் எதுவும் கடினமில்லை. கடினமாக இருந்தது அப்பா சட்டையைத் தட்டும் பழக்கம். இரண்டு முறை கை தானாக ஏர் கன்னுக்குப் போனதைப் பார்த்தேன். இரண்டு முறையும் என்னைப் பார்த்துவிட்டுத் துணியை எடுத்தார்.

போன மாதம் போனபோது, கம்ப்ரசருக்கு மேலே சுவரில் கறுப்பு மார்க்கரால் எழுதியிருந்தது. தமிழ்ப் பள்ளி ஆறாம் ஆண்டுக் கையெழுத்து.

‘தண்ணி எறக்கு. கண்ணாடி போடு. மேல ஊதாதே.’

பின்தெருப் பையன் ஒருவன் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தான். பத்து வயதிருக்கும். டயரில் காற்று ஏறும்வரை சும்மா நிற்க முடியாமல் சுவரைப் படித்தான். கடைசி வரியில் நின்றான்.

“மேல ஊதுனா என்னா தாத்தா?”

அப்பா இடப்பக்கம் இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. வால்வை மூடிவிட்டு, ஓஸை மடியில் வைத்துக்கொண்டு, வலது காதை அவன் பக்கம் திருப்பினார்.

“என்னா கேட்ட? மறுபடியும் கேளு.”